எட்டு எழுத்துப் பெயர்களும் அவற்றின் இரவல் வீடுகளும்

1987 மே மாதம் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் மெக்கார்ட்டி தொடங்கிய மடற்குழுவின் பெயர் ஹியூமனிஸ்ட். 1990 நவம்பரில் டொமினிக் வுஜாஸ்டிக் தொடங்கி, லிவர்பூல் பல்கலைக்கழகக் கணினியில் இயங்கிய குழு இண்டாலஜி. அதே 1990-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி அரிஸ்டார் சுமார் 60 உறுப்பினர்களுடன் தொடங்கியது லிங்குவிஸ்ட். மூன்றையும் உரோமன் எழுத்தில் எழுதி எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சரியாக எட்டு எழுத்துகள். அக்காலத்து ஐபிஎம் பெருங்கணினிகளில் பயனர் பெயருக்கு எட்டு எழுத்தே எல்லை. மடற்குழுவும் அக்கணினிக்கு ஒரு பயனர்தான். துறைப்பெயரை வெட்டிக் குறுக்க வேண்டிய இக்கட்டு இம்மூன்றுக்கும் நேரவில்லை. எட்டெழுத்து எல்லை விதித்த அப்பெருங்கணினிகள் ஓய்ந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயர்கள் மட்டும் வழக்கில் நிற்கின்றன.

மூன்று குழுக்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மூன்றும் பிறந்த வீட்டில் இல்லை. அறிவுத்துறை மடற்குழுக்களின் வரலாற்றைக் கருத்துச் சண்டைகளின் வரலாறாக எழுதுவது எளிது. அதற்கு இணையாக, அக்குழுக்கள் எந்தக் கணினியில், யாருடைய தயவில், எந்த மென்பொருளின் கீழ் குடியிருந்தன என்னும் வரலாறும் உண்டு. மடற்குழு ஒன்று பழையதாகிப் புதிய இடம் தேடும்போது எடுக்கப்படும் முடிவுகளே, பிற்கால ஆய்வாளருக்கு எந்தச் சான்று கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதல் வீடு பிட்நெட். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஐரா ஃபுக்ஸும் யேல் பல்கலைக்கழகத்தின் கிரேடன் ஃப்ரீமனும் 1981-இல் இரு நிறுவனக் கணினிகளை இணைத்ததில் தொடங்கிய வலையமைப்பு அது. ஐரோப்பாவில் இயர்ன், கனடாவில் நெட்நார்த் என்று அதற்குக் கிளைகள் இருந்தன. மடல் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குச் சென்று, அங்கே காத்திருந்து, வழி திறந்ததும் அடுத்த கணினிக்கு நகரும். தொடக்கத்தில் மடற்குழுவில் சேர விரும்புபவரின் பெயரை ஒரு மனிதர் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. 1986-இல் பாரிசின் எகோல் சந்த்ரால் கல்வி நிறுவனத்தில் பயின்ற எரிக் தாமா எழுதிய லிஸ்ட்செர்வ் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. சேரவும் விலகவும் பழைய மடல்களைத் தேடவும் ஒரு வரிக் கட்டளை போதும் என்றாயிற்று. அந்நிரல் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐரோப்பாவில் 100 உறுப்பினர்கள் இருந்தால், அட்லாண்டிக்கைக் கடக்கும் விலையுயர்ந்த இணைப்பின் வழியே 100 படிகளை அனுப்பாமல் ஒரே படியை அனுப்பி, அக்கரையில் உள்ள இன்னொரு லிஸ்ட்செர்வ் அதைப் பிரித்து வழங்கும்படி செய்தது. மடற்குழு எங்கே குடியிருக்கிறது என்பது அன்று உண்மையிலேயே கம்பியும் செலவும் சார்ந்த கேள்வி.

யார் வாசலுக்கு வர முடியும் என்பதும் அதே கேள்வியின் மறுபக்கம். இந்தியாவில் எர்நெட் 1986-இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, எட்டு நிறுவனங்களைக் கொண்டு தொடங்கியது: ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மைய அரசின் மின்னணுத் துறை. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. இண்டாலஜியின் முதல் மடலுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். சமஸ்கிருதத்தையும் தமிழையும் பற்றிய உரையாடல் லிவர்பூலில் சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்தாண்டுகளில், மதுரையிலோ வாரணாசியிலோ மொழித்துறையில் பயின்ற மாணவருக்கு வீட்டிலிருந்து அதில் நுழையப் பொதுவழி எதுவும் இல்லை. அக்காலத்து மடல்களை இத்துறையின் கருத்துலகம் என்று பொத்தாம்பொதுவாக மேற்கோள் காட்டுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

லிங்குவிஸ்டின் பயணம் மற்ற இரண்டைவிட விரிவாகச் சொல்லத்தக்கது. அரிஸ்டார் ஆஸ்திரேலியாவை விட்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது 1991-இல் குழுவும் உடன் சென்றது. ஹெலன் அரிஸ்டார்-டிரை பணியாற்றிய கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொகுப்பு அலுவலகம் அமைந்தது. பேராசிரியரின் பணிமாற்றமே குழுவின் இடமாற்றம் என்பதுதான் அன்றைய நடைமுறை. 1997-இல் குழு தனக்கென ஒரு வழங்கியையும் லிங்குவிஸ்ட்லிஸ்ட் என்னும் சொந்த டொமைன் பெயரையும் கொண்டு இயங்கத் தொடங்கியது. பின்னர் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. 2014-இல் எல்லாம் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இத்தனை நகர்வுகளில் முக்கியமானது 1997. பிந்தைய நகர்வுகளில் நகர்ந்தவை மனிதர்களும் இயந்திரங்களும். வாசகர் அறிந்த முகவரி நகரவில்லை. முந்தைய நகர்வுகளில் முகவரியே மாறிற்று.

இண்டாலஜி இதே பாடத்தைச் சற்றுத் தாமதமாகக் கற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் முகவரியின் பின்பாதி லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குரியதாக இருந்தது. 2010-களில்தான் இண்டாலஜி.இன்ஃபோ என்னும் தன் டொமைனின் கீழ் மெயில்மேன் மென்பொருளுக்கு மாறியது. அப்போது லிவர்பூல் காலத்து மடல்களும் உடன் கொண்டுவரப்பட்டன. 1990 நவம்பரிலிருந்து மாதவாரியாக அவற்றை இன்றும் படிக்கலாம். இது பெரிய காரியம். புதிய வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய கடிதக்கட்டைப் பரணிலேயே விட்டுச்செல்வது வழக்கம்; கட்டு அங்கே பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். பல்கலைக்கழகத்தின் கணினி மையம் ஒரு வழங்கியை நிறுத்தும்போது அதில் வெளியாரின் முப்பதாண்டு உரையாடல் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அதன் கடமைப் பட்டியலில் இருப்பதில்லை.

பிரிட்டன் இதற்கு ஒரு பொதுத்தீர்வைக் கண்டது. நியூகாசிலிலிருந்து இயங்கிய மெயில்பேஸ், 2000-இல் அதன் இடத்துக்கு வந்த ஜிஸ்க்மெயில் ஆகியவை, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்குமாக மடற்குழுக்களை நடத்தின. எந்தத் தனிப் பேராசிரியரின் ஓய்வும் குழுவின் ஓய்வாக வேண்டியதில்லை. ஷோத்கங்காவில் நாடெங்கிலுமுள்ள ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் இன்ஃப்ளிப்நெட் போன்ற ஓர் அமைப்பு, ஆய்வாளர்களின் மடல்களையும் அதே தகுதியுடைய ஆவணமாகக் கருதலாம். ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் வரும் திருத்தம் முதலில் ஒரு மடலில் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம் அல்லவா?

பல்கலைக்கழகக் கதவு திறக்காதவர்கள் வணிக நிறுவனங்களின் இலவச வீடுகளுக்குச் சென்றார்கள். 1997-இல் மார்க் ஃப்ளெச்சர் தொடங்கிய ஒன்லிஸ்ட் பின்னர் ஈகுரூப்ஸுடன் இணைந்தது. 2000-இல் யாகூ அதை வாங்கியது. 2001-இல் யாகூ குழுமங்கள் பிறந்தன. தமிழ் இணையத்தின் ஒரு முழுத் தலைமுறை அங்கே எழுதியது. மலேசியாவின் டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர், ராயர் காபி கிளப், மரத்தடி ஆகியவை அங்கே குடியிருந்தவைதாம். 2019 அக்டோபரில் யாகூவின் அறிவிப்பு வந்தது. அம்மாத இறுதியோடு புதிய பதிவேற்றம் இல்லை. டிசம்பர் 14 முதல் பழைய உள்ளடக்கம் நீக்கப்படும். எதிர்ப்பு எழுந்தபின், தரவிறக்கம் கோருவதற்கான கெடு 2020 ஜனவரி 31 வரை நீண்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டு எழுத்துக்கு முதலில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மாதம். தேர்ந்தெடுத்த எழுத்துகளை மரத்தடி தன் சொந்த இணையதளத்தில் ஏற்கெனவே தொகுத்திருந்தது. அத்தகைய முன்யோசனை இல்லாத குழுக்களின் மடல்கள் உறுப்பினர்களின் அஞ்சல்பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

இலவச வீடுகளைப் பற்றி ஒரு சுவையான பின்கதை உண்டு. அதே ஃப்ளெச்சர் 2014-இல் குரூப்ஸ்.ஐஓ என்னும் புதிய சேவையைத் தொடங்கினார். யாகூவிலிருந்து வெளியேறிய குழுக்கள் பல அங்கே சென்றன. 2021-இன் தொடக்கத்தில், புதிதாகத் தொடங்கும் கட்டணமற்ற குழுவுக்கு 100 உறுப்பினர் என்ற எல்லையை அது விதித்தது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கட்டணம் வாங்கும் வீட்டுக்காரருக்கு வீட்டை நடத்தக் காரணம் இருக்கிறது; கட்டணமே வாங்காதவருக்கு இல்லை. கூகுள் 2001-இல் டெஜா நியூஸ் திரட்டியிருந்த யூஸ்நெட் ஆவணத்தை வாங்கியபோது ஆய்வுலகம் மகிழ்ந்தது. 2024 பிப்ரவரியில் அதே நிறுவனம் புதிய யூஸ்நெட் இடுகைகளுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

இடமாற்றத்தின்போது காணாமற்போவது மடல்கள் மட்டுமல்ல, எழுத்தும் போகும். இது மொழியியலாளர் தனியே நின்று பார்க்க வேண்டிய இடம். 1990-களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் உறுப்பினர்கள் தமிழெழுத்திலேயே எழுதினார்கள். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தும், அன்றைய கணினிகளில் அது நடைமுறைக்கு வரவில்லை. எனவே எட்டு பிட் குறியேற்றங்கள் புழங்கின. அவற்றை ஒழுங்குபடுத்த மடல்வழியே நடந்த நீண்ட விவாதத்தின் விளைவே திஸ்கி. திஸ்கியில் ‘கொ’ என்பது பார்வைக்குத் தோன்றும் வரிசையில் பதிவாகும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க. ஒகரக் குறி அதன்பின் ஒரே அலகாக வரும். திஸ்கி மடலின் தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயரை எழுதும் வழக்கமும் நிலைபெற்றிருக்கவில்லை. அத்தகைய மடல்களைப் புதிய மென்பொருளில் இறக்கினால், அது மேலை ஐரோப்பிய எழுத்தென்று எண்ணி உச்சரிப்புக்குறி இட்ட உயிரெழுத்துகளின் குவியலாகக் காட்டும். யூடிஎஃப்-8 என்று எண்ணினால் இன்னும் மோசம். பொருந்தாத பைட்டுகளை நீக்கிக் கேள்விக்குறிகளை இட்டுச் சேமித்துவிடும். முதல் பிழையைத் திருத்தலாம், ஏனெனில் பைட்டுகள் மாறவில்லை. இரண்டாவதைத் திருத்த வழியே இல்லை.

உரோமன் எழுத்தில் எழுதியவர்களும் தப்பவில்லை. பிட்நெட்டின் ஐபிஎம் கணினிகள் எப்சிடிக் என்னும் குறியேற்றத்தைப் பயன்படுத்தின, வெளியுலகம் ஆஸ்கி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழியில் சதுர அடைப்பு, அலைக்கோடு, தொப்பிக்குறி போன்றவை உருமாறின. பெரிய எழுத்துகளால் நெடிலையும் நாவளை ஒலிகளையும் குறிக்கும் ஹார்வர்ட்-கியோட்டோ முறை அத்தகைய சூழலில் வசதியாக இருந்ததன் காரணம் இதுவே: அது வெறும் எழுத்துகளை மட்டும் நம்பியது. பழைய மடல்களில் ழகரம் மூன்று நான்கு வகையாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிற இன்றைய மாணவர் அதைக் கவனக்குறைவு என்று நினைக்கக்கூடும். கம்பி எதைத் தாங்கும் என்று தெரிந்து எழுதிய எழுத்து அது.

மேற்கோள் முகவரிகளின் கதை வேறு. மெயில்மேன் 2-இன் பைப்பர்மெயில் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு வரிசை எண் தந்து அதையே முகவரியாக்கும். நடுவில் ஒரு மடலை நீக்கிவிட்டு ஆவணத்தை மறுபடி உருவாக்கினால் அடுத்தடுத்த எண்கள் நகர்ந்துவிடலாம். அப்போது ஆய்வுக்கட்டுரையின் அடிக்குறிப்பு வேறொருவரின் மடலைச் சுட்டும். இணைப்பு அறுந்தால் வாசகருக்குத் தெரிந்துவிடும். தவறான மடலில் போய் நின்றால் தெரியாது. 2015-இல் வெளிவந்த மெயில்மேன் 3-இன் ஹைப்பர்கிட்டி இதைச் சரிசெய்தது. மடலின் தலைப்பகுதியில் உள்ள தனி அடையாளத்திலிருந்து கணக்கிட்டு அது முகவரியை உருவாக்குவதால், வரிசை மாறினாலும் முகவரியின் அந்தப் பகுதி மாறுவதில்லை. நார்வேயின் லார்ஸ் மாக்னே இங்கபிரிக்ட்சன் 2002-இல் தொடங்கிய ஜிமேன், ஆயிரக்கணக்கான குழுக்களின் மடல்களை ஒரே இடத்தில் வைத்திருந்தது. 2016-இல் அதன் வலைப்பக்கங்கள் நின்றபோது, அவற்றைச் சுட்டிய மேற்கோள்கள் ஒரே நாளில் வெறுமையாயின. மடல்கள் அழியவில்லை, அவற்றை நோக்கிய விரல்கள்தாம் திசையிழந்தன.

மென்பொருள் முதுமையும் இடம்பெயரச் செய்யும். மெயில்மேன் 2 எழுதப்பட்ட பைத்தான் 2-இன் ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. இருந்தும் முதுமையைவிடக் கடுமையான நெருக்கடி 2014 ஏப்ரலில் வந்துவிட்டிருந்தது. தன் முகவரியைப் போலியாகப் பயன்படுத்துவதைத் தடுக்க, டிமார்க் என்னும் விதியின் கடுமையான வடிவத்தை யாகூ அறிவித்தது: யாகூ முகவரியைத் தாங்கி யாகூவின் வழியே வராத, அதன் கையொப்பமும் சிதைந்த மடலை எவரும் ஏற்க வேண்டாம். ஏஓஎல் பின்தொடர்ந்தது. மடற்குழு செய்வதோ அதுவே. ஒருவர் எழுதிய மடலை அவர் பெயரிலேயே வேறொரு கணினியிலிருந்து அனுப்புகிறது. தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்ப்பதால் கையொப்பமும் முறிகிறது. யாகூ பயனர் ஒருவர் எழுதிய மடலை ஜிமெயில் திருப்பி அனுப்பும். திரும்பிய மடல்களை எண்ணும் மெயில்மேன், குற்றம் எதுவும் செய்யாத ஜிமெயில் உறுப்பினரின் முகவரி செத்துவிட்டது என்று கருதி அவரது வரவை நிறுத்தும். இதனால் எழுதியவரின் முகவரிக்குப் பதிலாகக் குழுவின் முகவரியை இட்டு அனுப்பும் வழக்கம் பரவியது. ஆவணத்தில் அதன் தடம் தெளிவாகத் தெரியும்: 2014-க்குப் பிந்தைய மடல்கள் பலவற்றில் ஆசிரியர் பெயருக்குப் பின் ‘குழுவின் வழியாக’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். யார் எவ்வளவு எழுதினார் என்று கணக்கெடுக்கும் ஆய்வாளர் இந்த ஆண்டைக் கவனிக்காவிட்டால் ஒரே ஆளை இருவராக எண்ணுவார்.

2024 பிப்ரவரி முதல் கூகுள் நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இன்னும் இறுக்கமான நிபந்தனைகளை விதித்தது. அந்த எண் பெரிதாகத் தோன்றும். 1,000 ஜிமெயில் உறுப்பினர்கள் உள்ள குழுவில் ஒரு நாளில் ஐந்து மடல்கள் வந்தால் அந்த எண்ணைத் தொட்டாயிற்று. கல்விநிலைய முகவரி ஆய்வுக்காலத்தோடு முடிந்துவிடும் என்பதால் தனிப்பட்ட ஜிமெயிலையே பதிவுசெய்யும் நம் நாட்டு ஆய்வாளர்கள் நிறைந்த குழுவுக்கு இது தொலைவில் உள்ள விதி அன்று. சொந்த டொமைன் வைத்திருந்தால் போதாது. அதன் அஞ்சல் நம்பகத்தைப் பேணத் தெரிந்த ஒருவரும் வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் கட்டும் ஒருவரும் வேண்டும். அந்த இருவரும் ஒரே மனிதராக இருப்பதும், அவர் ஓய்வுபெறும் வயதில் இருப்பதும் இத்தகைய குழுக்களின் பொதுநிலை.

மடலை விட்டு வலைத்தளத்துக்கே மாறியவர்களும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் எச்-நெட், 1990-களில் மடற்குழுக்களின் கூட்டமைப்பாக வளர்ந்து, 2013-14 வாக்கில் எல்லாவற்றையும் ஒரு வலைத்தளத்துக்கு நகர்த்தியது; மின்னஞ்சல் அங்கே அறிவிப்பாக மட்டும் நிற்கிறது. படங்களும் மதிப்புரைகளும் வைக்க அது ஏற்ற வடிவம். ஆனால் மடற்குழுவுக்கு இருந்த ஒரு காப்பு அதில் இல்லை. மடலாக வந்த காலத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பெட்டியிலும் முழுப்படி ஒன்று சேர்ந்தது. மையக் கிடங்கு எரிந்தாலும் 500 படிகள் வெளியே இருந்தன. ஓலைச்சுவடிகளுக்கு நிகழ்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடம் தேடும் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, புதிய வீட்டின் வசதிகளைப் பற்றியதன்று. அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்பதே. மடல்களை எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக்கோப்பாகத் தரும் தளம் நல்ல தளம். சராசரி மடல் 4 கிலோபைட் என்று கொண்டால் 50,000 மடல்கள் 200 மெகாபைட்தான். முப்பதாண்டு உரையாடல் ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கும். ஆனால் அதை இறக்குவதில் பழைய பொறிகள் உண்டு. எம்பாக்ஸில் ஒரு மடலின் தொடக்கம் ‘ஃப்ரம்’ என்ற சொல்லால் அறியப்படுகிறது. யாரோ ஒருவர் தன் வாக்கியத்தை அதே சொல்லோடு வரியின் முதலில் தொடங்கியிருந்தால், கவனமற்ற நிரல் அங்கே மடலை இரண்டாக வெட்டும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய காலத்து மடல்கள் தவறான நூற்றாண்டில் போய் அமரலாம். தேதியே இல்லாதவை, இறக்கிய நாளில் எழுதப்பட்டவை போலத் தோன்றலாம். இவற்றைச் சரிபார்க்க ஒரு மாணவருக்கு ஒரு கோடை விடுமுறை போதும். அந்த வேலைக்கு மதிப்பெண்ணோ வெளியீடோ கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

உறுப்பினர் பட்டியலை நகர்த்துவதற்கு 2018-க்குப் பின் ஐரோப்பியத் தரவுச் சட்டமும், இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். எனவே நகர்வதற்கு முன் ஒருமுறை எல்லோருக்கும் எழுதிக் கேட்பது முறை. பதில் வராத முகவரிகளில் ஓய்வுபெற்றவர்களும் மறைந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் எழுதிய மடல்கள் ஆவணத்தில் இருக்கும்.

மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்களின் தலைப்பில் இதற்கெல்லாம் ஒரு சிறு சான்று இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய அத்திட்டம் முதலில் தமிழ்.நெட்டின் கீழ் குடியிருந்தது. பின்னரே சொந்தப் பெயருக்கு மாறியது. பழைய கோப்புகளில் தமிழ்.நெட் முகவரி அப்படியே நிற்கிறது. நூலின் முதற்பக்கத்தில் பழைய அச்சகத்தின் தெருப்பெயர் நிற்பது போல.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 1990-கள் முதல் இயங்கிய கார்ப்போரா மடற்குழு, தரவுத்தொகுதி மொழியியல் படிக்கும் எவருக்கும் தெரிந்தது. 2020-களின் தொடக்கத்தில் அது ஐரோப்பிய மொழிவளச் சங்கமான எல்ராவின் வழங்கிக்கு, மெயில்மேன் 3-க்கு மாறியது. துறையின் வளங்களைப் பேணுவதையே பணியாகக் கொண்ட சங்கம் ஒன்று துறையின் பேச்சையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழுவின் முகவரியில் இப்போது பெர்கனின் பெயர் இல்லை, எல்ராவின் பெயர் இருக்கிறது.